வராமின் சுவரும் என் ஸ்டாக் ரெஜிஸ்டரும்

காஷி என்றதும் வாரணாசிக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். இது வேறு காஷி. சுவரில் பதிக்கிற வண்ண டைலுக்குப் பாரசீக மொழியில் காஷி என்று பெயர். ஈரானின் நடுவே, பாலைவனத்தின் ஓரத்தில் காஷான் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்ச் சரக்கு அவ்வளவு பிரபலமாகி, கடைசியில் ஊர்ப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது. நாம் எந்தக் கம்பெனி மெஷினில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. எங்கள் மார்க்கெட்டிங் புத்தகத்தில் பிராண்ட் பற்றி நாற்பது பக்கம் இருக்கிறது. காஷான்காரர்கள் எண்ணூறு வருடத்துக்கு முன்பே அதை முடித்துக் காட்டிவிட்டார்கள்.

பி.காம். படிக்கிறவளுக்குப் பாரசீக டைல்ஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காஸ்ட் அக்கவுண்டிங் செமினாரில் ஏதாவது ஒரு பழைய தொழிலை எடுத்து, அதன் மூலப்பொருள், கூலி, சேதாரம் எல்லாவற்றையும் விளக்கச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப் பேர் நெசவு, மீதிப் பேர் வெல்லம். எனக்கு இணையத்தில் ஒரு மியூசியப் பக்கத்தில் கண்ணில் பட்டது இந்த டைல். எட்டு முனை நட்சத்திர வடிவம். வெள்ளைப் பரப்பில் செப்பு கலந்த பொன் நிறத்தில் இலையும் கொடியும். ஓரம் முழுக்கப் பொடி எழுத்து. செமினார் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அந்த நட்சத்திரம் என்னை விடவில்லை. அதற்காகத் திறந்த எக்செல் ஃபைல் இன்னும் என் கணினியில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த ஃபைலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் தொழில்.

இந்தத் தொழிலுக்கு ஒரு செலவுப் பட்டியலே கிடைத்திருக்கிறது என்பதுதான் முதல் ஆச்சரியம். 1301-ல் அபுல் காசிம் என்பவர் ரத்தினங்கள், கனிமங்கள், வாசனைப் பொருட்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் டைலும் பாத்திரமும் செய்கிற விதத்துக்குத் தனியாக ஒரு பகுதி. 1973-ல் ஜேம்ஸ் ஆலன் என்ற அறிஞர் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அபுல் காசிம் மங்கோலிய அரசவையில் வரலாறு எழுதியவர். ஆனால் பிறந்தது காஷானில், தலைமுறை தலைமுறையாகச் சூளை வைத்திருந்த குடும்பத்தில். வீட்டுக்குள்ளேயே இருந்து பார்த்தவர் எழுதிய குறிப்பு என்பதால் அதில் அளவுகள் இருக்கின்றன.

அவர் சொல்கிற கலவை இது. பத்துப் பங்கு வெள்ளைக் குவார்ட்ஸ் தூள் (நம் ஊரில் வெங்கச்சங்கல் என்போமே, அந்த இனம்), ஒரு பங்கு அரைத்த கண்ணாடி, ஒரு பங்கு வெள்ளைக் களிமண். கவனித்தீர்களா? பன்னிரண்டில் ஒரு பங்குதான் மண். பெயர்தான் மண்பாண்டத் தொழில். உண்மையில் கல்லைப் பொடித்துக் கல்லாகவே ஒட்டவைக்கிற வேலை. சீனாவிலிருந்து வந்த வெள்ளை வெளேர் பீங்கானைப் பார்த்துவிட்டு, அதற்கான மண் தங்கள் ஊரில் இல்லாததால், மத்திய கிழக்கின் கைவினைஞர்கள் கண்டுபிடித்த மாற்று வழி இது.

இப்படிச் செய்த டைலின் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைக் கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சூளையில் சுடுவார்கள். சாதாரணமாக இதோடு வேலை முடியும். காஷானில் இதற்குப் பிறகுதான் ஆட்டமே. வெள்ளியும் செம்பும் சேர்ந்த ஒரு கலவையை நைசாக அரைத்து, திராட்சைச் சாற்றிலோ வினிகரிலோ கரைத்து, சுட்ட டைலின் மேல் படம் வரைவார்கள். பிறகு அதற்கென்றே கட்டிய இன்னொரு சூளையில் வைத்து, மெல்லிய புகை மட்டும் கொடுத்து 72 மணி நேரம். மூன்று பகல், மூன்று இரவு. ஆறினதும் எடுத்து ஈர மண்ணால் தேய்த்தால், கருகிய மேல்பூச்சு உதிர்ந்து உள்ளேயிருந்து பொன் போல மின்னும். இரண்டு நெருப்புப் பார்த்த சரக்கு என்று அதற்குப் பெயர். ஆங்கிலத்தில் லஸ்டர் என்கிறார்கள்.

அந்த மின்னலில் ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. புகை, சூளையில் இருக்கிற ஆக்சிஜனைக் குறைத்துவிடுகிறது. அப்போது வெள்ளியும் செம்பும் உலோகமாக மாறி, கண்ணாடிப் பூச்சின் மேல்பரப்புக்குள் மிக நுண்ணிய துகள்களாகத் தங்கிவிடுகின்றன. அந்த அடுக்கின் தடிமன் ஒரு மைக்ரான்கூட இல்லை என்று இன்றைய ஆய்வுக்கூடங்கள் அளந்திருக்கின்றன. நானோ டெக்னாலஜி என்று நாம் பெருமையாகச் சொல்வதை அவர்கள் விறகையும் மூக்கையும் வைத்துச் செய்திருக்கிறார்கள்.

பிராசஸ் காஸ்டிங் படித்தவர்களுக்கு இங்கே உடனே ஒரு வார்த்தை ஞாபகம் வரும்: நார்மல் லாஸ். புகை குறைந்தால் நிறம் ஏறாது. கூடினால் கறுத்து மங்கும். முதல் சூட்டின் செலவு, ஓவியரின் கூலி, வெள்ளியின் விலை எல்லாம் ஏற்கெனவே ஏறிய பிறகு, கடைசிக் கட்டத்தில்தான் மொத்தமும் போகிற ஆபத்து. இப்படிப்பட்ட தொழிலில் சூத்திரம் குடும்பத்தை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வார்கள். அபுல் காசிமின் குடும்பத்துக்கு அபூ தாஹிர் குடும்பம் என்று பெயர். நான்கு தலைமுறை. முஹம்மத் இப்னு அபீ தாஹிர், அபூ ஸைத் என்ற இன்னொரு பெரிய கலைஞரோடு சேர்ந்து, 1200-களின் தொடக்கத்தில் கோம், மஷ்ஹத் நகரங்களின் புனித அடக்கத்தலங்களுக்கு டைல் செய்தார். அவர் மகன் அலீ. அலீயின் மகன் யூசுஃப். நம் அபுல் காசிம் இந்த யூசுஃபின் சகோதரர். ஒருவர் சூளைக்குப் போனார், ஒருவர் பேனா எடுத்தார். இவர்கள் டைலில் தங்கள் பெயரை எழுதினார்கள், தேதியும் போட்டார்கள். என் எக்செல் ஃபைல் நகர்வதே அந்தத் தேதிகளால்தான்.

இனி வராமின். தெஹ்ரானுக்குத் தெற்கே, சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். அங்கே இமாம்ஸாதே யஹ்யா என்று ஒரு அடக்கத்தலம். இமாம்ஸாதே என்றால் இமாமின் வாரிசு என்று பொருள். நபிகள் நாயகத்தின் பேரரான இமாம் ஹசனின் வழியில் வந்த யஹ்யா அங்கே அடங்கியிருக்கிறார். 1258-ல் பாக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்தது. அது நடந்து நான்கே வருடத்தில் இந்த அடக்கத்தலத்தின் சுவர்களுக்கு லஸ்டர் டைல் செய்யப்பட்டது. ஊரெல்லாம் எரிந்த காலத்தில் யாரோ ஒருவர் பணம் கொடுத்து, யாரோ சிலர் மூன்று நாள் சூளை முன்னால் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தச் சுவரின் அமைப்பு எளிமையானது. எட்டு முனை நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் சுமார் ஒரு அடி அகலம். நான்கு நட்சத்திரங்களை முனையோடு முனை ஒட்டி வைத்தால் நடுவில் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளி சிலுவை வடிவத்தில் இருக்கும். அதே அளவுக்குச் சிலுவை டைல் செய்து அதில் பொருத்துவார்கள். (இது வெறும் வடிவத்தின் பெயர்தான், கிறிஸ்தவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இரண்டே அச்சில் எவ்வளவு பெரிய சுவரையும் மூடலாம். காஷானில் சுட்டு, பொதியாகக் கட்டி அனுப்பி, போன ஊரில் ஒட்டிக்கொள்ளலாம். அரண்மனைக்குப் போன டைல்களில் மனிதர்கள், மிருகங்கள், பாரசீகக் கவிதை எல்லாம் உண்டு. வராமின் டைல்கள் அடக்கத்தலத்துக்கானவை என்பதால் உருவங்கள் கிடையாது. செடி, கொடி, கோலம் போன்ற வடிவங்கள். ஓரத்தில் குர்ஆன் வசனங்கள். சிலவற்றில் மாதமும் வருடமும் இருக்கின்றன: ஹிஜ்ரி 660, 661. நம் கணக்கில் 1262–63.

நட்சத்திரங்கள் சுவரேறி இரண்டு மூன்று வருடம் கழித்து, 1265-ல், அலீ ஒரு மிஹ்ராப் செய்து கொடுத்தார். மிஹ்ராப் என்பது மக்கா இருக்கும் திசையைக் காட்டும் மாடம். இது முழுக்க லஸ்டர் டைலால் ஆனது. பன்னிரண்டு அடிக்கும் மேல் உயரம். நாற்பது வருடம் கழித்து, 1305-ல், அதே அடக்கத்தலத்தின் சமாதிக்கு மேல்மூடியாக ஒரு லஸ்டர் பலகை வந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அலீயின் மகன் யூசுஃப். அப்பா செய்த மாடம் சுவரில், மகன் செய்த பலகை சமாதியின் மேல். ஒரே கூரைக்கு அடியில் இரண்டும் ஏறக்குறைய அறுநூறு வருடம் இருந்தன.

இப்போது? அப்பாவின் மிஹ்ராப் ஹவாய் தீவில், ஹொனலூலுவில் இருக்கிறது. மகனின் பலகை ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் மியூசியத்தில். உலக வரைபடத்தில் இந்த இரண்டு ஊரையும் விரல் வைத்துப் பாருங்கள். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

எப்படிப் போயின என்பதற்கும் தேதிகள் இருக்கின்றன. 1870-களில் ராபர்ட் மர்டாக் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து அதிகாரி தெஹ்ரானில் இருந்தார். லண்டனையும் பிரிட்டிஷ் இந்தியாவையும் இணைத்த இந்தோ-ஐரோப்பியத் தந்தி லைன் ஈரான் வழியாகத்தான் போனது. அதன் பாரசீகப் பிரிவுக்கு அவர் இயக்குநர். நம் ஊர்க் கலெக்டர் ஆபீசுக்கு வந்த தந்திகள் பலவும் அந்தக் கம்பி வழியாக வந்திருக்கும். அவர் தந்தி வேலையோடு, இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என்று அழைக்கப்படும் லண்டன் மியூசியத்துக்குக் கலைப்பொருட்களும் வாங்கி அனுப்பினார். வராமின் டைல்களும் அதில் போயின. 1876-ல் அங்கே பாரசீகக் கலைக் கண்காட்சி நடந்தது. அதன் பிறகு ஐரோப்பாவில் லஸ்டருக்கு ஏற்பட்ட கிராக்கியைக் கேட்கவே வேண்டாம். டிமாண்ட் வந்தால் சப்ளை வரும். முதல் பாடம் அதுதானே.

1881-ல் ழான் தியூலாஃபுவா என்ற பிரெஞ்சுப் பெண் பயணி வராமினுக்குப் போனார். அதற்குள்ளேயே நட்சத்திரங்கள் திருட்டுப் போக ஆரம்பித்திருந்தன; அதனால் அந்நியர்களை உள்ளே விட ஊரார் தயாராக இல்லை. மிஹ்ராப் அப்போது இடத்திலேயே இருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் அதுவும் போயிற்று. பிற்பாடு ஹாகோப் கெவோர்கியன் என்ற வியாபாரியின் கைக்கு வந்து, 1940-ல் டோரிஸ் டியூக் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரி வாங்கினார். புகையிலைத் தொழிலில் சம்பாதித்த குடும்பம். ஹொனலூலுவில் ஷாங்ரி லா என்று கட்டியிருந்த தன் வீட்டில் அதைப் பதித்துக்கொண்டார். அந்த வீடு இப்போது மியூசியம்.

நட்சத்திரங்களும் சிலுவைகளும் சில்லறையாகப் போயின. இன்று 150-க்கும் மேற்பட்டவை உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில் கொஞ்சம், பிரிட்டிஷ் மியூசியத்தில் கொஞ்சம், ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியனில், நியூயார்க் மெட்ரோபாலிட்டனில், ஹெர்மிடாஜில்.

இதையெல்லாம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் ரூம்மேட்டிடம் சொன்னேன். அவள் எகனாமிக்ஸ். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"ஏன்டி, அங்கேயே இருந்திருந்தா இந்நேரம் உடைஞ்சு போயிருக்காதா? வாங்கினவன் பத்திரமா வச்சிருக்கான். உன் கம்ப்யூட்டர்ல நீ பார்க்கிறதே அவனாலதானே?"

சுலபமாகத் தள்ளிவிட முடியாத வாதம். டைல்களைச் சுத்தம் செய்து, படம் எடுத்து, ஓரத்து எழுத்தைப் படித்து, தேதியோடு இணையத்தில் போட்டிருப்பது அந்த மியூசியங்கள்தான். இல்லாவிட்டால் நான் யார், வராமின் எங்கே? வாங்கியதில் பலவற்றுக்கு ரசீதும் இருக்கிறது.

ஆனால் இரண்டு நாள் யோசித்த பிறகு எனக்குத் தோன்றியது இது. வாங்கியவருக்கு ரசீது இருக்கிறது. விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா என்பதுதானே முதல் கேள்வி? மெர்க்கன்டைல் லா வகுப்பில் நாங்கள் உருப்போட்ட முதல் விதிகளில் ஒன்று: தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. அடக்கத்தலம் யாருடைய சொந்த வீடும் அல்ல. அது கைவிடப்பட்ட இடிபாடும் அல்ல. ஜனங்கள் வந்து போய்க்கொண்டிருந்த இடம். ஊரார் கதவைச் சாத்தினார்கள் என்று வெளியூர்ப் பயணியே எழுதி வைத்திருக்கிறார். வேண்டாத பொருளுக்கு யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

"காப்பாற்றினார்கள்" என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எதைக் காப்பாற்றினார்கள்? டைலையா, சுவரையா? கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நிற்கும் நட்சத்திரம் அழகுதான். ஆனால் அதன் எட்டு முனைகளும் பக்கத்தில் இன்னொன்று இருக்கும் என்று நம்பி வெட்டப்பட்டவை. சிலுவையின் நிலை இன்னும் மோசம். அது இடைவெளிக்காகவே பிறந்தது. நான்கு நட்சத்திரங்கள் இல்லாத இடத்தில் அதற்கு என்ன அர்த்தம்? மிஹ்ராபின் வேலையோ திசை காட்டுவது. நிற்கிற சுவரிலிருந்து பெயர்த்து எடுத்த கணமே அந்த வேலை போய்விட்டது, மிஞ்சியது வேலைப்பாடு.

என் ரூம்மேட்டின் பதில்: "சரி, திருப்பிக் கொடுக்கச் சொல்லு பார்ப்போம்." கொடுக்க மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திருப்பிக் கொடுத்தால் எந்த டைல் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடிப்பதே ஒரு ஆயுட்கால வேலை. நான் அதற்குப் போராட்டம் நடத்தப் போவதும் இல்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: கணக்கு எழுதுவது.

அதனால்தான் அந்த எக்செல் ஃபைல். ஸ்டாக் ரெஜிஸ்டர் மாதிரி. மியூசியங்களின் இணையப் பக்கங்களில் வராமின் டைல் கண்ணில் படும்போதெல்லாம் ஒரு வரி சேர்ப்பேன். வடிவம், அளவு, டைலில் எழுதிய மாதம், இப்போது இருக்கும் ஊர், அங்கே வந்த வருடம், யாரிடமிருந்து வந்தது. கடைசிக் காலத்தில்தான் சுவாரசியம். சில மியூசியங்கள் வாங்கிய விவரத்தை வரிசையாகச் சொல்கின்றன. சில இடங்களில் ஒரு நன்கொடையாளர் பெயரோடு கதை முடிந்துவிடுகிறது. அவருக்கு முன்னால் டைல் வானத்திலிருந்து விழுந்த மாதிரி. எந்த ஆடிட்டரும் இந்த லெட்ஜரில் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொரு ஷீட்டில் படங்களை ஒட்டிப் பார்க்கிறேன். லண்டன் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நியூயார்க் நட்சத்திரம், கீழே ஆக்ஸ்ஃபோர்ட். படம் எடுத்த வெளிச்சம் ஒவ்வொன்றிலும் வேறு என்பதால் ஒன்று பழுப்பாகவும் ஒன்று பச்சையோடிய பொன்னாகவும் தெரிகிறது. கோடுகள் சரியாகச் சேரவில்லை. ஆனாலும் நான்கு முனைகள் ஒட்டி நடுவில் அந்தச் சிலுவை இடைவெளி விழும்போது, தனி டைலில் பார்க்க முடியாத ஒன்று திரையில் வருகிறது. அங்கே ஒரு சுவர் இருந்தது என்பது அப்போதுதான் உறைக்கிறது.

ரெஜிஸ்டரின் முதல் வரியில் வராமினை எழுதியிருக்கிறேன். ஓப்பனிங் ஸ்டாக் அங்கேதானே. அதன் இருப்புக் காலத்தில் பூஜ்யம் போடத்தான் முதலில் கை போனது. ஆனால் அது பொய்க் கணக்கு. கட்டடம் நிற்கிறது. சுதையில் செதுக்கிய 1307-ஆம் வருட எழுத்துப் பட்டை உள்ளே இருக்கிறது; பெயர்த்து எடுக்க வராததால் தப்பியது. யஹ்யாவின் சமாதி இருக்கிறது. ஊர்ஜனங்கள் இன்றும் வேண்டுதலோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். டைல் போன சுவருக்குக் கீழே.

எப்போதாவது உங்களில் யாருக்காவது வெளிநாட்டு மியூசியம் போகிற வாய்ப்பு வந்தால், இஸ்லாமியக் கலைக் கூடத்தில் எட்டு முனை நட்சத்திரம் ஒன்று பொன்னாக மின்னுகிறதா என்று பாருங்கள். நேராக நின்று பார்க்காதீர்கள், கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால்தான் அந்த ஒளி எழும் என்கிறார்கள். பார்த்துவிட்டுக் கீழே சீட்டில் வராமின் என்று இருந்தால், எந்த மாதம், எந்த வருடம் என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். ரெஜிஸ்டரில் ஒரு வரி ஏற்றிக்கொள்கிறேன்.